இணைந்துவிட்டது, ஆனால் எதுவும் திறக்கவில்லை: டயல் இணைப்பின் வழித்தடச் சிக்கலைக் கண்டுபிடிக்க முழுமையான வழிகாட்டி

டயல் பட்டனை அழுத்துகிறோம். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் சரிபார்க்கப்பட்டு ‘கனெக்டட்’ என்று வருகிறது. உலாவியைத் திறந்தால் வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. துண்டித்துவிட்டு மறுபடி டயல் செய்கிறோம். மோடத்தை அணைத்துப் போடுகிறோம். பத்தாவது முறையும் அதே நிலைதான்.

பத்து முறை டயல் செய்தும் சரியாகாதது பதினோராவது முறையில் சரியாகாது. இணைப்பு கிடைப்பது ஒரு வேலை, வழி கிடைப்பது வேறொரு வேலை. முதலாவது முடிந்து இரண்டாவது நடக்காமல் நின்றிருக்கலாம். எங்கே நின்றது என்பது கணினிக்குத் தெரியும். அதனிடம் எந்த வரிசையில் கேட்பது என்பதைத்தான் இங்கே சேர்ந்து பார்க்கப் போகிறோம்.

எந்த இணைப்புகளுக்கு இது பொருந்தும்?

இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று, விஎஸ்என்எல் மூலம், தொலைபேசிக் கம்பி வழியாக. கிரீச்சிடும் அந்த மோடம் இன்று அநேகமாக எந்த வீட்டிலும் இல்லை. அமெரிக்காவில் ஏஓஎல் நிறுவனமும் தன் டயல்-அப் சேவையை 2025 செப்டம்பர் 30-உடன் நிறுத்திவிட்டது.

ஆனால் டயல் செய்யும் முறை போகவில்லை. பிராட்பேண்ட் மோடத்தை பிரிட்ஜ் முறையில் வைத்து, கணினியிலேயே பயனர் பெயர் கொடுத்து இணைபவர்கள் இருக்கிறார்கள். *99# என்ற எண்ணை டயல் செய்யும் யுஎஸ்பி டாங்கிள்கள் இன்னும் மேசை இழுப்பறைகளில் இருக்கின்றன. அலுவலகத்துக்காக விண்டோஸில் உருவாக்கிக்கொள்ளும் பல விபிஎன் இணைப்புகளும் இதே குடும்பம்தான். இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது பிபிபி என்ற நெறிமுறை. அதனால் சிக்கல்களும் ஒரே சாயலில் வரும், தேடும் முறையும் ஒன்றே.

விண்டோஸ் 10, 11-ஐ மனதில் வைத்து எழுதுகிறேன். லினக்ஸ்காரர்களுக்குக் கீழே தனியாக ஒரு பகுதி உண்டு.

என்ன வேண்டும், எவ்வளவு செலவாகும்?

ஒரு நோட்டும் பேனாவும் போதும். எந்த மென்பொருளையும் வாங்கவோ இறக்கவோ வேண்டாம். நமக்குத் தேவையான நான்கு கட்டளைகளும் விண்டோஸில் ஏற்கனவே இருக்கின்றன. டேட்டா செலவாகிவிடுமோ என்றும் யோசிக்க வேண்டாம். பிங் கட்டளை ஒருமுறைக்கு அனுப்புவது தலா 32 பைட் கொண்ட நான்கு பாக்கெட்டுகள்தான்.

பணம் செலவாகக்கூடிய ஒரே இடம் கேபிள். மாற்றிப் பார்ப்பதற்கு ஒரு தொலைபேசிக் கம்பியும் ஒரு லேன் கேபிளும் வீட்டில் உபரியாக இருக்கட்டும். இரண்டும் சில நூறு ரூபாய்க்குள் அடங்கிவிடும்.

‘ஃபார்மட் அடிச்சாத்தான் சரியாகும்’ என்று யாராவது சொன்னால் உடனே ஒப்புக்கொள்ள வேண்டாம். ஃபார்மட் செய்தால் பல நேரம் சரியாகவும் செய்யும். காரணம், தவறாக இருந்த ஒரே ஒரு அமைப்பும் அதோடு அழிந்துபோவதுதான். அந்த ஒரு வரியைத் திருத்த நம் படங்களையும் கணக்குகளையும் பணயம் வைக்கத் தேவையில்லை.

படி 1: உண்மையிலேயே இணைந்ததா?

டயல் செய்யும்போது பிழை எண் ஏதும் வந்தால் அது வழித்தடச் சிக்கல் அல்ல. அந்த எண்ணைக் குறித்துக்கொள்வோம். 680 என்றால் தொலைபேசியில் டயல் டோன் இல்லை. 678 என்றால் மறுமுனை பதிலளிக்கவில்லை. 691 என்றால் பயனர் பெயரோ கடவுச்சொல்லோ ஏற்கப்படவில்லை. கணக்கு காலாவதியானாலும் இதே எண் வருவதுண்டு. 651 வந்தால் முதலில் மோடத்தையும் கேபிளையும் பார்க்க வேண்டும்.

எண் எதுவும் வராமல் ‘கனெக்டட்’ என்று வந்தால் மட்டும் அடுத்த படிக்குப் போவோம்.

படி 2: முகவரி கிடைத்ததா?

விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தி, வரும் பெட்டியில் சி-எம்-டி என்ற மூன்று எழுத்துகளைத் தட்டி என்டர் கொடுங்கள். கறுப்புத் திரை திறக்கும். இதுதான் கமாண்ட் பிராம்ப்ட். கட்டளைகளை நான் ஒலிப்படி எழுதுகிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும்.

முதல் கட்டளை ஐபிகான்ஃபிக். ‘ஐ-பி’, அதோடு ஒட்டி ‘சி-ஓ-என்-எஃப்-ஐ-ஜி’. திரையில் பல தொகுதிகள் வரும். ‘பிபிபி அடாப்டர்’ என்று தொடங்கும் தொகுதியைத் தேடுங்கள். நம் டயல் இணைப்பின் பெயர் அதில் இருக்கும்.

அங்கே ஐபிவி4 முகவரி என்ற வரியில் ஓர் எண் இருக்க வேண்டும். சப்நெட் மாஸ்க் 255.255.255.255 என்றும் கேட்வே 0.0.0.0 என்றும் இருக்கும். முதல்முறை பார்ப்பவர்கள் இங்கேதான் பயந்து எதையாவது மாற்றிவிடுகிறார்கள். டயல் இணைப்பில் கம்பியின் மறுமுனையில் இருப்பது ஒரே ஓர் இயந்திரம். அதனால் இந்த இரண்டு எண்களும் இப்படி இருப்பதே இயல்பு. தொட வேண்டாம்.

லேன் அடாப்டரில் 169.254 என்று தொடங்கும் முகவரி இருந்தால், அந்த அட்டைக்கு யாரும் முகவரி தரவில்லை, அது தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். டயல் இணைப்பு மட்டும் போதும் என்பவர்களுக்கு அதனால் பாதகமில்லை.

படி 3: கணினி எந்தப் பக்கம் அனுப்புகிறது?

இதுதான் முக்கியமான படி. கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

கட்டளை ரூட் பிரிண்ட். ‘ஆர்-ஓ-யூ-டி-இ’, ஓர் இடைவெளி, ‘பி-ஆர்-ஐ-என்-டி’. வருவது வழித்தட அட்டவணை. ஐபிவி4 என்ற தலைப்பின் கீழ் ஐந்து பத்திகள் இருக்கும்: சேருமிடம், மாஸ்க், கேட்வே (பாக்கெட்டை அடுத்து வாங்கிக்கொள்ளும் ரவுட்டர்), இன்டர்ஃபேஸ், மெட்ரிக். ஐபிவி6 பகுதியை இப்போதைக்கு விட்டுவிடலாம்.

அஞ்சல் பிரிக்கும் இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பின்கோடு 6 என்று தொடங்கினால் தெற்கே போகும் பை. 625 என்று தொடங்கினால் மதுரைப் பை. ஒரு கடிதத்துக்கு இரண்டு பைகளும் பொருந்துமானால், அதிக இலக்கம் பொருந்தும் மதுரைப் பைக்குள்தான் அது போகும். கணினியும் ஒவ்வொரு பாக்கெட்டையும் அப்படியே பிரிக்கிறது. 192.168.1.50-க்குப் போக வேண்டிய பாக்கெட்டுக்கு, 192.168.1.0 என்ற வரி மற்ற எல்லாவற்றையும்விட நெருக்கமாகப் பொருந்தும். அந்த வரி சொல்லும் பக்கம் அனுப்பிவிடும்.

எந்த வரியிலும் பொருந்தாதவை எங்கே போகும்? அதற்காகத்தான் சேருமிடம் 0.0.0.0, மாஸ்க் 0.0.0.0 என்று ஒரு வரி. ‘மற்ற எல்லாம் இந்தப் பக்கம்’ என்று அதற்குப் பொருள். இணையத்தில் நாம் தொடும் ஏறக்குறைய எல்லா முகவரிகளும் இந்த ஒரு வரியை நம்பித்தான் போகின்றன. இதை டிஃபால்ட் ரூட் என்கிறோம்.

ஆகவே நாம் தேட வேண்டியது இந்த 0.0.0.0 வரியை மட்டும்தான். அதன் இன்டர்ஃபேஸ் பத்தியில் இருக்கும் எண், படி 2-இல் பிபிபி அடாப்டரில் பார்த்த அதே எண்ணா? ஆம் என்றால் வழி சரி. வேறு எண் என்றால் சிக்கல் அங்கேதான்.

0.0.0.0 வரிகள் இரண்டு இருந்தால், மெட்ரிக் பத்தியில் எண் குறைவாக உள்ள வரியே பயன்படும். டயல் இணைப்பு எழுந்ததும் அதன் வரி முந்தும்படி விண்டோஸ் தானே எண்களை மாற்றிவைத்துக்கொள்ளும். யாராவது கையால் மெட்ரிக்கைத் தட்டிவைத்திருந்தால்தான் இது தலைகீழாகும்.

ஒரு வீட்டில் பார்த்தது

என் மாமா வீட்டில் பழைய பிராட்பேண்டை ரத்து செய்துவிட்டு டாங்கிளுக்கு மாறியிருந்தார்கள். லேன் கேபிள் மட்டும் ஒரு சின்ன ஸ்விட்ச் வழியாகப் பிரிண்டருக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் மாமா போன் செய்தார். “கனெக்டட்னு காட்டுதுடா. பிரிண்ட்டும் வருது. மெயில் மட்டும் திறக்க மாட்டேங்குது. டாங்கிள் போயிடுச்சா?”

“டாங்கிள் நல்லாத்தான் இருக்கும் மாமா. வந்து பார்க்கிறேன், அதுவரைக்கும் எதையும் மாத்தாதீங்க” என்றேன்.

ரூட் பிரிண்ட் அடித்ததும் தெரிந்துவிட்டது. 0.0.0.0 வரி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கேட்வே 192.168.1.1, இன்டர்ஃபேஸ் 192.168.1.5, மெட்ரிக் 281. அந்த 192.168.1.1 அவர்கள் கழற்றிக் கொடுத்துவிட்ட பழைய ரவுட்டர். லேன் அட்டையில் அதன் முகவரியை எப்போதோ கையால் தட்டி நிரந்தரமாக்கியிருக்கிறார்கள். டாங்கிளின் பிபிபி முகவரிக்கு டிஃபால்ட் வரி இல்லவே இல்லை.

ஏன் இல்லை? மாமா மகள் வீட்டிலிருந்து வேலை செய்ய ஒரு விபிஎன் வைத்திருந்தாள். ‘எல்லாம் ஆபீஸ் வழியாகப் போகாமல் இருக்க இந்த டிக்கை எடுத்துவிடு’ என்று அவளுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். பட்டியலில் விபிஎன்னும் டாங்கிளும் அடுத்தடுத்து இருக்கின்றன. டிக்கை எடுத்தது டாங்கிளில்.

ஆக, மெயிலுக்கான ஒவ்வொரு பாக்கெட்டும் வீட்டில் இல்லாத ஒரு ரவுட்டரைத் தேடிப் போய்க்கொண்டிருந்தது. பிரிண்டர் அதே 192.168.1 வரிசையில் இருந்ததால் அதற்கு மட்டும் வழி கிடைத்தது.

படி 4: வழியைத் திருத்துவது

திருத்துவதற்கு முன் அட்டவணையை அப்படியே நோட்டில் எழுதியோ போனில் படம் எடுத்தோ வைத்துக்கொள்வோம். தவறு நேர்ந்தால் திரும்பி வர அது வேண்டும்.

மறுபடி விண்டோஸ் விசையும் ஆரும். இம்முறை என்-சி-பி-ஏ, ஒரு புள்ளி, சி-பி-எல். எல்லா இணைப்புகளும் படங்களாக வரும். பெயரைச் சரியாகப் படித்துவிட்டு, டயல் இணைப்பின் மேல் வலது கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் போங்கள். நெட்வொர்க்கிங் பகுதியில் ஐபிவி4, அதற்குள் அட்வான்ஸ்டு. ‘யூஸ் டிஃபால்ட் கேட்வே ஆன் ரிமோட் நெட்வொர்க்’ என்ற வரிக்கு முன் டிக் இருக்க வேண்டும். மாமா வீட்டில் காணாமல் போயிருந்த டிக் இதுதான். இணையத்துக்கான இணைப்பில் இது வேண்டும். அலுவலக வேலைக்கு மட்டுமான விபிஎன்னில், அலுவலகம் அனுமதித்தால் எடுத்துவிடலாம்.

அடுத்து லேன் அட்டை. அதன் ஐபிவி4 பகுதியில் முகவரி கையால் தட்டப்பட்டிருந்து, அந்தப் பக்கம் இணையம் இல்லை என்றால், கேட்வே பெட்டியைக் காலியாக விடுங்கள். காலியாக இருப்பது குறையல்ல. பிரிண்டருக்குப் போகக் கேட்வே தேவையே இல்லை.

இரண்டு பக்கமும் உண்மையான இணையம் இருந்தால், இரண்டு இணைப்பிலும் அட்வான்ஸ்டு பகுதிக்குள் ‘ஆட்டோமேட்டிக் மெட்ரிக்’ டிக் இருக்கிறதா என்று பாருங்கள். அது இருந்தாலே பெரும்பாலும் போதும்.

கடைசியாக, அட்டவணையின் அடியில் ‘பெர்சிஸ்டன்ட் ரூட்ஸ்’ என்ற தலைப்பைப் பாருங்கள். அங்கிருப்பவை கணினியை அணைத்துப் போட்டாலும் அழியாதவை. மாமா வீட்டில் தட்டியது போன்ற கேட்வேயும் இங்கே தெரியும். அது பெட்டியைக் காலி செய்ததுமே போய்விடும். வேறு பழைய வரி ஏதாவது இருந்தால், கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, ரூட் டெலீட் என்று தட்டி அந்தச் சேருமிட எண்ணைக் கொடுத்தால் நீங்கும்.

இணைப்பைத் துண்டித்து மீண்டும் டயல் செய்து, ரூட் பிரிண்ட்டை இன்னொரு முறை பாருங்கள். 0.0.0.0 வரியில் கேட்வே ‘ஆன்-லிங்க்’ என்றும் இன்டர்ஃபேஸ் நம் பிபிபி எண் என்றும் வந்துவிட்டால் பாதை நம் கைக்கு வந்துவிட்டது.

படி 5: கிட்டேயிருந்து தொலைவுக்கு பிங்

பிங் என்ற நிரலை மைக் மூஸ் என்பவர் 1983 டிசம்பரில் எழுதினார். நீர்மூழ்கிகள் பயன்படுத்தும் சோனாரின் எதிரொலிதான் பெயருக்குக் காரணம். பி-ஐ-என்-ஜி, ஓர் இடைவெளி, முகவரி. வரிசை மாறாமல் போவோம்.

முதலில் 127.0.0.1. இது நம் கணினியே. அடுத்து நம் பிபிபி முகவரி. பிறகு மறுமுனையின் முகவரி. அது இணைப்பின் ஸ்டேட்டஸ் சாளரத்தில் டீடெயில்ஸ் பகுதியில் சர்வர் முகவரி என்று இருக்கும். இதற்கு மட்டும் பதில் வராவிட்டால் கவலை வேண்டாம், பல நிறுவனங்கள் அங்கே பிங்கை மூடிவைத்திருக்கின்றன. நான்காவதாக வெளி உலகம்: 8.8.8.8 அல்லது 1.1.1.1. கடைசியாக ஏதாவது ஓர் இணையதளத்தின் பெயர்.

எண்ணுக்குப் பதில் வந்து பெயருக்கு வரவில்லை என்றால் வழி சரியாக இருக்கிறது, பெயரை எண்ணாக மாற்றும் டிஎன்எஸ்தான் வேலை செய்யவில்லை. டயல் இணைப்பின் ஐபிவி4 பகுதியில் டிஎன்எஸ் முகவரியாக அதே 8.8.8.8-ஐயும் 1.1.1.1-ஐயும் கொடுத்துப் பார்க்கலாம்.

தோல்வியிலும் பிங் மூன்று விதமாகப் பேசும். காது கொடுத்துக் கேட்க வேண்டும். ‘டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்’ என்று நம் சொந்த முகவரியிலிருந்தே பதில் வந்தால், பாக்கெட் வீட்டை விட்டே போகவில்லை. மாமா வீட்டில் வந்தது இதுதான். ‘ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்’ என்றால் போனது, திரும்பவில்லை. ‘டிடிஎல் எக்ஸ்பயர்டு இன் டிரான்சிட்’ என்றால் பெரும்பாலும் இரண்டு ரவுட்டர்கள் பாக்கெட்டை ஒன்றுக்கொன்று திருப்பித் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கின்றன. அது நிறுவனத்தின் பக்கம் இருந்தால் நம்மால் திருத்த முடியாது.

படி 6: எங்கே நின்றது?

ட்ரேசர்ட், அதாவது டி-ஆர்-ஏ-சி-இ-ஆர்-டி. இடைவெளி விட்டு மைனஸ் டி (‘டயல்’ என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து), பிறகு 8.8.8.8. மைனஸ் டி போட்டால் ஒவ்வொரு நிலையத்தின் பெயரையும் தேடிக்கொண்டிருக்காது. மெதுவான இணைப்பில் இது நேரத்தை மிச்சப்படுத்தும்.

வழியில் உள்ள ரவுட்டர்கள், அதாவது ஹாப்கள், வரிசையாக வரும், அதிகபட்சம் 30. இடையில் மூன்று நட்சத்திரங்கள் வந்து, அதற்குக் கீழே மறுபடி எண்கள் வந்தால் பாதகமில்லை. அந்த ரவுட்டர் பதில் சொல்லாமல் வேலையை மட்டும் செய்கிறது. கடைசி வரை நட்சத்திரமாகவே போனால், கடைசியாகப் பேசிய முகவரியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வழி சரி, பக்கம் பாதியில் நிற்கிறதா?

பிங் போகும், சின்னப் பக்கங்கள் வரும், பெரிய பக்கங்கள் மட்டும் பாதியில் உறைந்துவிடும். பிராட்பேண்டில் பிபிபிஓஇ முறையில் டயல் செய்பவர்களுக்கு இது வரலாம். சாதாரண லேன் கேபிளில் ஒரு பாக்கெட் 1500 பைட் வரை போகலாம். பிபிபிஓஇ அதில் 8 பைட்டைத் தனக்கு எடுத்துக்கொள்வதால் 1492. விண்டோஸ் தானே டயல் செய்யும்போது 1480 வைத்துக்கொள்கிறது.

சோதிக்க: பிங், மைனஸ் எஃப், மைனஸ் எல் 1452, பிறகு 8.8.8.8. தலைப்புகளுக்கான 28 பைட் சேர்ந்தால் 1480 ஆகிவிடும். பதில் வராவிட்டால் பத்துப் பத்தாகக் குறைத்துக்கொண்டே போய், எந்த எண்ணில் பதில் வருகிறதோ அதோடு 28-ஐக் கூட்டுங்கள். அதுவே உங்கள் இணைப்பு தாங்கும் பாக்கெட் அளவு, அதாவது எம்டியூ. ரவுட்டரே டயல் செய்யும் வீடுகளில், ரவுட்டரின் ‘வான்’ (டபிள்யூ-ஏ-என்) அமைப்புப் பக்கத்தில் எம்டியூ பெட்டியில் அந்த எண்ணைக் கொடுத்தால் போதும்.

விபிஎன் போட்டதும் அலுவலக சர்வர் மட்டும் தெரியவில்லையா?

வீட்டு நெட்வொர்க்கும் அலுவலக நெட்வொர்க்கும் ஒரே 192.168.1 வரிசையாக இருக்கலாம். அஞ்சல் பிரிப்பவர் கையில் ஒரே பின்கோட்டில் இரண்டு ஊர்கள் இருந்தால் என்ன செய்வார்? உள்ளூர்ப் பையில்தான் போடுவார். அலுவலகத்தை மாற்றச் சொல்ல முடியாது. வீட்டு ரவுட்டரின் முகவரியை 192.168.37.1 போல யாரும் அதிகம் வைக்காத ஒன்றுக்கு மாற்றிவிடுவதே எளிது.

லினக்ஸ் பயன்படுத்துபவர்களுக்கு

அட்டவணையைப் பார்க்க ஐபி ரூட் என்ற கட்டளை. ‘டிஃபால்ட்’ என்று தொடங்கும் வரியில் பிபிபி0 இருக்க வேண்டும். டயல் செய்யும் வேலையைச் செய்யும் பிபிபிடி நிரல், ஏற்கனவே ஒரு டிஃபால்ட் வழி இருந்தால் வழக்கமாக அதை மாற்றாது. மாற்றவில்லை என்று பதிவேட்டில் ஒரு வரி மட்டும் எழுதிவிட்டுப் பேசாமல் இருந்துவிடும். சுடோ ஐபி ரூட் டெல் டிஃபால்ட் என்று பழையதை நீக்கி, சுடோ ஐபி ரூட் ஆட் டிஃபால்ட் டெவ் பிபிபி0 என்று புதியதைச் சேர்த்துப் பாருங்கள். இணையம் வந்துவிட்டால் காரணம் உறுதியாகிவிட்டது. அதன் பிறகு லேன் அட்டையின் அமைப்பிலிருந்து கேட்வேயை நிரந்தரமாக எடுத்துவிடலாம்.

எச்சரிக்கை

ரூட் கட்டளையோடு மைனஸ் எஃப் போடச் சொல்லி யாராவது சொன்னால் போடாதீர்கள். அது கேட்வே உள்ள வழிகளை எல்லாம் ஒரே அடியில் துடைத்துவிடும். எதை மாற்றினாலும் ஒரு நேரத்தில் ஒன்று, மாற்றியதும் ஒரு பிங். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது குணப்படுத்தியது என்பதே தெரியாமல் போகும்.

ரவுட்டர் இல்லாமல் கணினியிலேயே டயல் செய்பவர்கள் விண்டோஸ் ஃபயர்வாலைச் சோதனைக்காகக்கூட அணைக்க வேண்டாம். கணினிக்கு நேரடிப் பொது முகவரி கிடைத்திருந்தால் வெளியிலிருந்து தட்டுபவர்களுக்கும் நமக்கும் நடுவே அது ஒன்றுதான் இருக்கிறது.

இடி மின்னல் நேரத்தில் மின்சார பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது, தொலைபேசிக் கம்பியையும் கழற்றிவிடுங்கள்.

நாம் அழைக்காமல் தானாக அழைத்து, ‘உங்கள் இணைப்பில் கோளாறு, இந்தச் செயலியைப் போடுங்கள், நாங்கள் பார்க்கிறோம்’ என்பவரிடம் கணினியை ஒப்படைக்கவே கூடாது.

நிறுவனத்தை அழைக்க வேண்டி வந்தால்

ஐந்தாவது, ஆறாவது படிகளில் கோளாறு வெளியே என்று தெரிந்தால் அழைப்போம். அழைக்கும் முன் கையில் இருக்க வேண்டியவை: டயல் செய்த நேரம், நமக்குக் கிடைத்த பிபிபி முகவரி, 8.8.8.8-க்கு பிங் சொன்ன வாக்கியம், ட்ரேசர்ட்டில் கடைசியாகப் பேசிய முகவரி. ‘நெட் வரலைங்க’ என்பதற்குப் பதில், ‘மூன்றாவது ஹாப் வரை போகிறது, அதற்கு மேல் பதில் இல்லை’ என்று சொல்லுங்கள். மோடத்தை அணைத்துப் போடச் சொல்லும் முதல் பத்து நிமிடம் மிச்சமாகும், புகாரும் சரியான ஆளிடம் சீக்கிரம் போகும்.

இணைப்பு நன்றாக இருக்கும் ஒரு நாளில் ஐபிகான்ஃபிக்கையும் ரூட் பிரிண்ட்டையும் ஒருமுறை ஓட்டி, வருவதை அச்செடுத்து, தேதி போட்டு மேசையின் உள்பக்கம் ஒட்டிவையுங்கள். மாமா வீட்டில் அது இப்போது டாங்கிள் பெட்டியின் மூடியில் ஒட்டியிருக்கிறது, 0.0.0.0 வரிக்கு மட்டும் சிவப்பு மையில் அடிக்கோடு.